ஏழாம் நம்பர் அடுப்படி

கல்லூரிப் பெண்கள் வரப்போகிறார்கள் என்று தெரிந்த அன்றே சவேரியார் தெருப் பெண்கள் துடைப்பத்தைத் தூக்கிவிட்டார்கள். “எதையும் கழுவாதீங்கக்கா, எப்பவும் போல சமைங்க, எங்களுக்கு அதுதான் வேணும்” என்று கீதாஞ்சலி படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். யார் கேட்டது? வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவில், வெளியாள் ஒருவர் அடுப்படி வரைக்கும் நுழைகிறார் என்றால் அது வருஷத்துக்கு ஒருமுறை தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வரும் பங்குச் சாமியார் மட்டும்தான். சாமியார் வருவதற்கு முதல் நாள் எப்படிச் சுண்ணாம்பு அடித்து, பினாயில் ஊற்றி, சாம்பிராணி போட்டு வீட்டை மணக்க வைப்பார்களோ, அதையே இதற்கும் செய்தார்கள். பன்னிரண்டு அடுப்படியில் பதினொன்று பளபளவென்று மின்னின.

மிச்சமிருந்த ஒன்று விண்ணரசியுடையது. அவள் ஒருத்திதான் சொன்ன பேச்சைக் கேட்டவள். கேட்டதுதான் வினையாகப் போயிற்று.

கீதாஞ்சலிக்கு ஊர் பாடாலூர். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை கடைசி வருஷம். வீட்டு அடுப்படிக் காற்றில் என்னென்ன பூசணம் மிதக்கிறது என்று கணக்கெடுத்து எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்குப் பட்டம். கூடப் படிக்கும் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு ஐப்பசி மழையில் நனைந்தபடி வந்தாள். வீட்டுக்கு ஒரு நம்பர் எழுதி நிலைப்படியில் ஒட்டினாள். உள்ளங்கை அகலக் கண்ணாடித் தட்டில் கூழ் மாதிரி எதையோ உறைய வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் அதைத் திறந்து வைத்து, கால் மணி நேரம் கழித்து மூடி டேப் ஒட்டி எடுத்துக்கொண்டாள்.

“காத்துல திரியுற பூசண வித்து இதுல விழும்க்கா. விழுந்தது மொளைக்கும். ஒரு வித்துக்கு ஒரு புள்ளி” என்றாள்.

“மொளைச்சா அறுவடைக்கு எங்களையும் கூப்புடு” என்று சிரித்தாள் விண்ணரசி. அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் சுவரில் படம் காட்டினாள் கீதாஞ்சலி. யார் பெயரையும் சொல்லவில்லை, வெறும் நம்பர்தான். பெயர் வெளியே வராது என்று மனசார நம்பியிருந்தாள், பாவம். நிலைப்படியில் ஒட்டியதை உரிக்க மறந்த பெண்ணுக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்! நான்காம் நம்பர், ஆறு புள்ளி. எட்டாம் நம்பர், ஒன்பது. பதினொன்று, ஐந்து. அப்புறம் ஏழு. தட்டு முழுக்கக் கறுப்பும் பச்சையுமாக அப்பியிருந்தது. தொண்ணூற்று நான்கு.

மண்டபத்தில் இருந்த அத்தனை தலையும் விண்ணரசி பக்கம் திரும்பியது. அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

“நான் ஒன்னும் கழுவல. கழுவ வேணாம்னுதான சொன்னாங்க?” என்றாள் பக்கத்தில் இருந்த ஏஞ்சல் மேரியிடம்.

“அதுக்காக?” என்று சேலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள் அவள்.

கீதாஞ்சலி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கறி தீர்ந்துவிடும் என்று கூட்டம் எழுந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மரியசூசை வாத்தியார் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், திருவிழாக் கமிட்டித் தலைவர். விண்ணரசி முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவள்; மழையில் கொட்டை வராததால் அன்று வீட்டில் இருந்தாள்.

“விண்ணரசி, இருக்கியாம்மா?”

“வாங்க சார், உள்ள வாங்க. காப்பி போடுறேன்.”

“கால் சேறும்மா. காப்பி இப்பத்தான் குடிச்சேன்.”

இந்த வீட்டுக் காப்பியை வேண்டாம் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. விண்ணரசிக்குப் பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது.

“கமிட்டில பேசுனோம்மா. இந்த வருசம் மசாலாவ ஆனி ரோஸ் அரைக்கட்டும்னு ஒரு அபிப்பிராயம். ஒனக்கும் ஒடம்பு சரியில்ல, இருமுற...”

“ரெண்டு வருசமா இருமுறேன் சார். போன வருசமும் இருமிக்கிட்டேதான் வறுத்தேன். நீங்க மூணு தரம் கொழம்பு வாங்கிச் சாப்புட்டீங்க.”

“கோவப்படாத. ஊர்வாய மூட முடியுமா? எவனுக்காவது வயித்தால போனாக்கூட ஒம்பேருதான் வரும்.”

“பூத்தது காத்துல இருந்தது. கொழம்புல இல்ல. ஒங்களுக்குமா தெரியாது?”

“எனக்குத் தெரியும்மா. ஊருக்குத் தெரியணுமே.”

“தெரிஞ்சவங்க எடுத்துச் சொல்றது?”

வாத்தியார் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். 

டிசம்பர் மூன்றாம் தேதி சவேரியார் திருவிழா. அன்றைக்கு ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிடும். அந்தக் குழம்புக்குப் பதினோரு வருஷமாக மிளகாயும் மல்லியும் வறுத்து அரைப்பது விண்ணரசி. மல்லியைப் பொன்னிறத்துக்கு ஒரு கணம் முன்னால் இறக்க வேண்டும், மிளகாயின் காம்பைக் கிள்ளாமல் வறுத்து அப்புறம் கிள்ள வேண்டும். அது அவள் கைப்பக்குவம். வருஷம் பூராவும் முந்திரிக்கொட்டைப் பாலில் கை வெந்து, தோல் உரிந்து, கறுத்த விரலோடு திரிகிறவளை அந்த ஒரு நாள் ஊர் பெயர் சொல்லிக் கூப்பிடும். “விண்ணரசி மசாலாடா, ஊத்துடா” என்பார்கள். ஏலாக்குறிச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவளுக்கு இந்த ஊரில் சொந்தமாகச் சம்பாதித்தது அது ஒன்றுதான். அதைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

“ஒங்கிட்ட எறக்குன திருவிழா மொளகா மூட்டைய ஜான் பீட்டர் வந்து எடுத்துக்குவான்” என்றார் வாத்தியார்.

“ஒருத்தரும் வர வேணாம். நானே எறக்கி வெச்சுட்டு வரேன்.”

அவர் முன்னாலேயே மூட்டையைத் தலையில் ஏற்றினாள். ஜான் பீட்டர் வேறு யாருமில்லை, அவள் புருஷன் செபஸ்டினின் அண்ணன், அடுத்த வீடு. அவன் பெண்டாட்டிதான் ஆனி ரோஸ். மூட்டையைத் தொப்பென்று போட்டதும் ஆனி ரோஸ் வாசலுக்கு வந்தாள்.

“நான் கேக்கல விண்ணரசி.”

“குடுத்தா வாங்கிக்குவீங்கல்லக்கா?”

ஆனி ரோஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செபஸ்டின் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் ஓட்டுகிறவன். சாயங்காலம் முடியெல்லாம் வெள்ளைப் புழுதியோடு வந்து உட்கார்ந்தவன் முன்னால் சோற்றை வைத்துவிட்டு, விண்ணரசி அடுப்படிச் சுவரில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். உள்ளங்கையில் கறுப்பு ஒட்டிக்கொண்டது. அதை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“பாருங்க. நல்லாப் பாருங்க.”

“தெரியுது, தெரியுது.”

“எது தெரியுது? ஒங்க அண்ணன் நம்ம சன்னல அடைச்சு பாத்ரூம் கட்டி மூணு வருசம் ஆச்சு. ரெண்டு வூட்டுக்கும் நடுவுல இருந்த சந்து போச்சு. காத்து போச்சு. அந்தத் தண்ணி நம்ம செவுத்துல ஊறுது. இடுப்பு ஒசரத்துக்கு ஓதம் ஏறியிருக்கு. சொரண்டி சொரண்டி என் நகம் போச்சு. பத்து நாள்ல திரும்பப் பூக்குது.”

“சொல்லிப் பாக்குறேன்னேன்ல?”

“எப்ப? என்னப் பொட்டில வெச்சு மூடுன பொறவா?”

செபஸ்டின் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “அப்பா சாவுறப்ப எனக்கு அஞ்சு வயசு. அண்ணன்தான் என்னைத் தூக்கி வளத்துச்சு. மொகத்தப் பாத்து எப்புடிக் கேக்குறது?”

“வளத்தாரு, ஆளாக்குனாரு, யாரு இல்லன்னா? அதுக்கு நான் நெஞ்சுல பூசணம் புடிச்சுச் சாவணுமா? கடன அடைக்க என் நெஞ்சுதான் கெடைச்சுதா ஒங்களுக்கு?”

அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை நிமிரவே இல்லை. நல்லவன்தான். அந்த நல்லதனத்தைக் கண்டால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனுஷனை நம்பிப் புண்ணியமில்லை என்று மறுநாள் காலையில் கீதாஞ்சலிக்குப் போன் போட்டாள். நம்பர் அவள் கொடுத்துவிட்டுப் போன தாளில் இருந்தது.

“யாருக்கும் சொல்லாம ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு வா. பன்னெண்டு தட்டும் எடுத்துக்கிட்டு வா” என்றாள்.

கீதாஞ்சலி வந்தாள். வந்ததும் அழுகிற மாதிரி ஆகிவிட்டாள்.

“நம்பர உரிக்காம போனது என் தப்புக்கா. எங்க மேடம் என்னைத் திட்டித் தீத்துட்டாங்க. ஒங்க மொகத்துல முழிக்கவே...”

“அழுவுறத அப்பறம் வெச்சுக்க. மொதல்ல இந்தச் செவுத்தப் பாரு.”

கீதாஞ்சலி குனிந்து தடவிப் பார்த்தாள். காரை பொரிந்து அவள் கையோடு வந்தது. உள்ளே சொதசொதவென்று இருந்தது.

“இது சமையல் அழுக்கு இல்லக்கா, ஈரம். பூசணத்துக்குச் சோறு வேணாம், ஈரம் இருந்தாப் போதும். காத்துல எல்லார் வூட்டுலயும் வித்து இருக்கும், எங்க வூட்டுலயுந்தான். இவ்ளோ பூக்குதுன்னா எங்கியோ தண்ணி விடாம ஊறுது. நீங்க எவ்ளோ கழுவுனாலும் போவாது. ஒங்க இருமலுக்கும் இது காரணமா இருக்கலாம், டாக்டர்கிட்ட போறப்ப இதச் சொல்லுங்க.”

“இத அன்னைக்கு மைக்குல சொன்னா என்ன?”

“சொல்ல வந்தேங்க்கா. எல்லாரும் கறி எடுக்கப் போயிட்டாங்க.”

விண்ணரசிக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. ஊரின் யோக்கியதை இதுதான், வேறென்ன!

இரண்டு பேரும் தெருவில் இறங்கினார்கள். ஞாயிறு பதினோரு மணி. எந்த வீட்டு அடுப்படியிலும் உரித்த வெங்காயத் தோல், கழுவாத கறிச்சட்டி, தேங்காய் மூடி, நேற்றைய பாத்திரம். எந்த வீட்டிலும் சாம்பிராணி இல்லை. ஏஞ்சல் மேரி நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“இப்பவா? சொல்லாம கொள்ளாம வந்து நின்னா எப்புடி? வூடு கெடக்குற கெடையப் பாரு.”

“அன்னைக்கு ஆறு புள்ளி வாங்குனவதான நீயி? ஒனக்கென்னடி பயம்?” என்றாள் விண்ணரசி, தெருவே கேட்கும்படி.

வாயை அடைத்தாயிற்று. ஏஞ்சல் மேரி முணுமுணுத்துக்கொண்டே விலகினாள். மற்ற வீடுகளில் இவ்வளவுகூட மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. ஆறு புள்ளிக்காரியே திறந்துவிட்ட பிறகு வேறு யார் மறுப்பது? வாத்தியார் வீட்டில் அவர் மனைவி மீன் கழுவிய கையோடு, “வெச்சுட்டுப் போங்கடி, நீங்க என்ன சாமியாரா?” என்றாள்.

எட்டாம் நம்பரில் ஜான் பீட்டர் இல்லை. ஆனி ரோஸ் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றாள். அடுப்படிச் சுவரில் புதுச் சுண்ணாம்பு. ஆனால் கீழ்ப்பக்கம் அடை அடையாகப் பொரிந்து தொங்கியது. விண்ணரசி அதைப் பார்த்தாள், ஆனி ரோஸைப் பார்த்தாள்.

“வெய்யி” என்று மட்டும் சொன்னாள் ஆனி ரோஸ்.

மறு ஞாயிறு. பூசை முடிந்ததும் விண்ணரசியே போய் மண்டபத்து வாசலை மறித்து நின்றுவிட்டாள். “கறிக்கடை எங்கயும் ஓடிறாது. எல்லாரும் ஒக்காருங்க” என்றாள். உட்கார்ந்தார்கள்.

“பேர் சொல்லக் கூடாதுக்கா, எங்களுக்கு விதி இருக்கு” என்று காதோரம் கெஞ்சினாள் கீதாஞ்சலி.

“நீ நம்பர மட்டும் சொல்லு. பேர நாங்க சொல்லிக்கிறோம்.”

முதலில் ஏழாம் நம்பர் படம் வந்தது. தொண்ணூற்று ஒன்று. விண்ணரசி நடு மண்டபத்தில் எழுந்து நின்றாள்.

“ஏழாம் நம்பர் நான்தான். அன்னைக்குத் தொண்ணூத்தி நாலு, இன்னைக்குத் தொண்ணூத்தி ஒன்னு. நான் மறைக்கல. அடுத்தது யாரு?”

நான்காம் நம்பர், ஐம்பத்தெட்டு. ஏஞ்சல் மேரி தலையைக் குனிந்துகொண்டே கையைத் தூக்கினாள். இரண்டாம் நம்பர், அறுபத்து மூன்று. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார், கையைத் தூக்கவில்லை. அவர் மனைவி பெண்கள் பக்கமிருந்து, “நம்மளுதுதான், தூக்குங்க” என்று சத்தம் போட்டாள். மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஆறு புள்ளி, ஐந்து புள்ளி எல்லாம் போன இடம் தெரியவில்லை.

“எட்டாம் நம்பர்” என்றாள் கீதாஞ்சலி. தட்டில் கூழே கண்ணுக்குத் தெரியவில்லை. “நூத்திப் பன்னெண்டு.”

சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் எழவில்லை. எட்டாம் நம்பர் யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

“இதெல்லாம் பொய்” என்று ஆண்கள் பக்கம் ஜான் பீட்டர் எழுந்தான். “ரெண்டு பேருஞ் சேந்துக்கிட்டு நாடகம் போடுறாளுவ.”

“பொய்யில்ல.”

ஆனி ரோஸ் எழுந்து நின்றிருந்தாள். அவள் ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

“எட்டு நான்தான். மாசாமாசம் நான்தான் சுண்ணாம்பு அடிக்கிறேன். யாராச்சும் வரதுக்கு முன்னாடி அடிக்கிறேன். எனக்கும் மூச்சு வாங்குது. அவளாச்சும் சத்தமா இருமுனா. நான் முந்தானையில இருமுனேன்.”

“ஒக்காருடி.”

“மூணு வருசமா ஒக்காந்துதான் இருக்கேன்.”

ஆனி ரோஸ் மண்டபத்தை விட்டு இறங்கி நடந்தாள். விண்ணரசி அவள் பின்னால் ஓடினாள். அவள் பின்னால் கூட்டம் ஓடியது. கறியை நினைத்தவர்கள் அன்றைக்கு ஒருவர்கூட இல்லை.

வீட்டுக்குப் போன ஆனி ரோஸ் கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே பாத்ரூமுக்குள் போனாள். நீலப் பூப்போட்ட டைல்ஸ். ஜான் பீட்டர் பார்த்துப் பார்த்து அரியலூரிலிருந்து வாங்கிவந்து ஒட்டியது. அவன் ஓடிவந்து அவளுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றான்.

“அதத் தொட்ட, வெட்டிப் போட்டுருவேன்!”

அப்போதுதான் செபஸ்டின் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். அண்ணனின் தோளில் கையை வைத்தான். 

“நவுருண்ணே” என்றான்.

“என்னடா சொன்ன?”

“நவுருன்னேன்.”

ஜான் பீட்டர் தம்பியை முறைக்கத் திரும்பி விலகிய இடைவெளியில் ஆனி ரோஸ் முதல் குத்து குத்தினாள். டைல்ஸில் கீறல் விழுந்தது. இரண்டாவது குத்துக்கு அவளுக்கு மூச்சு இழுத்தது. “தள்ளுங்கக்கா” என்று விண்ணரசி கடப்பாரையை வாங்கினாள். மூணு வருஷக் கோபம் கையில் இருந்தது. நாலு போட்டதில் டைல்ஸ் சரிந்து, காரை விழுந்து, குழாய் வெளியே தெரிந்தது.

குழாய் மூட்டு விட்டிருந்தது. அதில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, கம்பி வைத்து முறுக்கிக் கட்டியிருந்தது. டியூப் இற்றுப்போய்த் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

 டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் கட்டிய கட்டு அது. கட்டிய கை யாருடையது என்று கேட்கவே தேவையில்லை.

“ஒங்களுக்குத் தெரியும்” என்றாள் விண்ணரசி. குரல் உயரவில்லை. “மூணு வருசமாத் தெரியும். நான் செவுத்தச் சொரண்டுறப்ப தெரியும். இருமுறப்ப தெரியும். ஊரே என்ன அழுக்கச்சின்னு பாக்குறப்ப, அதே மண்டபத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்க மாமா.”

“டைல்ஸ உரிச்சா வேற டைல்ஸ் அந்த டிசைன்ல கெடைக்காது...” என்று ஆரம்பித்த ஜான் பீட்டருக்கு, தான் என்ன சொல்கிறோம் என்று தனக்கே உறைத்திருக்க வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். செபஸ்டின் அண்ணன் தோளிலிருந்து கையை எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

விண்ணரசி குழாயின் வால்வைத் திருகி அடைத்தாள். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஆனி ரோஸின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேர் முகத்திலும் காரைத் தூசி. தெருவில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. மரியசூசை வாத்தியார் முன்னால் வந்தார், தொண்டையைச் செருமினார்.

“நல்ல காரியம் பண்ணுனம்மா. அந்த மசாலா விசயம்... திரும்ப ஒங்கிட்டயே குடுத்துறலாம்னு எனக்குத் தோணுது.”

“நீங்க குடுக்க வேணாம் சார். எடுத்துக்கிட்டேன். நான் வறுப்பேன், ஆனி ரோஸக்கா அரைப்பாங்க. கோயில் வாசல்ல அடுப்பு மூட்டி, வெட்டவெளியில, எல்லாரும் பாக்க வறுப்பேன். எத்தன தட்டு வேணாலும் பக்கத்துல தொறந்து வெச்சுக்கங்க.”

“சரிம்மா, சரி. சாயங்காலமே கமிட்டியக் கூட்டி, ஒரு வார்த்த கேட்டுட்டு வந்து...”

“கேக்காதீங்க சார்” என்றாள் விண்ணரசி. “சொல்லுங்க.”